காது அசைந்த எண்

ஜூன் 3
செவலை இன்றும் அண்ணாச்சியின் ஆடுகளைத் துரத்திவிட்டான். கடிக்கவில்லை, ஓட்டினான். ஒரு சினையாடு முள்வேலியில் சிக்கிக்கொண்டது. சிப்பிப்பாறை நாய்க்கு ஓடுகிற எதுவும் கண்ணில் பட்டால் போதும், கால் தானாகக் கிளம்பிவிடும். "அடுத்த தடவ பொறுக்க மாட்டேன், தம்பி" என்றார் அண்ணாச்சி. இரவே ரிமோட் பட்டை ஒன்றுக்கு ஆர்டர் போட்டேன்.

ஜூன் 8
பெட்டி வந்தது. கையடக்க ரிமோட், கழுத்துப் பட்டை, சின்ன சோதனை பல்பு. பட்டையின் உள்பக்கம் இரண்டு உலோக முனைகள். இவனுக்கு முடி குட்டை என்பதால் குட்டை முனைகளையே திருகினேன். சார்ஜ் ஏறியதும் பட்டையின் பட்டனை அழுத்திப் பிடித்து, விளக்கு மின்னும்போது ரிமோட்டைத் தட்டினால் இரண்டும் ஜோடி சேர்ந்துவிடும். மூன்று வேலைகள்: பீப், அதிர்வு, ஷாக். ஷாக்குக்கு 0 முதல் 99 வரை எண்கள். முனைகளில் பல்பை வைத்து அழுத்தினேன், மினுக்கென்று எரிந்தது.

ஜூன் 10
ஒரு வாரம் பட்டையை அணைத்தே மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் பட்டை இருந்தால் ஒழுங்கு, இல்லாவிட்டால் ஓட்டம் என்று நாய் கணக்குப் போட்டுவிடும். இடம் கழுத்தின் மேல்பகுதி, குரல்வளைக்குப் பக்கவாட்டில். முனைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். மாலையில் கழற்றினால் இரண்டு சிவப்புப் புள்ளிகள். ஷாக்கே கொடுக்கவில்லையே! இறுக்கமாக நெடுநேரம் கிடந்தால் அழுத்தமே புண்ணாகுமாம். நாளை முதல் இரண்டு மணிக்கொரு முறை இடம் மாற்றணும், இரவில் கழற்றிடணும்.

ஜூன் 17
முதலில் என் முன்கையில். 5-இல் ஒன்றுமில்லை. 12-இல் எறும்பு கடி. 30-இல் "ஐயோ" என்று ரிமோட்டைக் கீழே போட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பிறகு அவன் கழுத்தில் 1-இலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றினேன். 8-இல் இடது காது மட்டும் லேசாக அசைந்தது, ஈ உட்கார்ந்தாற்போல. அதுதான் அவன் எண். அதற்கு மேல் போனால் பாடமில்லை, வலிதான்.

ஜூன் 21
நீளக் கயிற்றோடு மேய்ச்சல் பக்கம் போனோம். ஆட்டைப் பார்த்துப் பாய்ந்தான், கூப்பிட்டேன், திரும்பவில்லை, அழுத்தினேன். அவசரத்தில் விரல் எண்ணை எங்கே தள்ளியதோ, வீலென்று கத்தினான். அதே நொடி பால்காரர் பைக் எங்களைக் கடந்தது.

ஜூன் 23
பைக் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் போகிறான். ஆடுகளைப் பார்த்தால் பழைய பாய்ச்சல்தான். கடித்தது ஆடு இல்லை, பைக் என்று அவன் முடிவு செய்துவிட்டான். நான் எதற்கு அழுத்தினேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

ஜூன் 24
வேல்ஸில் இந்த ஷாக் பட்டையை 2010-லேயே தடை செய்துவிட்டார்கள். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தார், கூப்பிட்டால் வராத, ஆடு துரத்துகிற நாய்களையே வைத்துச் செய்த ஆய்வு 2014-இல் வந்தது. தீனி கொடுத்துப் பழக்கியவற்றைவிடப் பட்டை நாய்கள் மேலாகத் தேறவில்லை. பெட்டியைப் பிரிக்கும் முன் படித்திருக்க வேண்டியது.

ஜூன் 25
ஷாக் இனி 0. பீப் அடித்தால் உடனே அவித்த ஈரல் ஒரு துண்டு. முதலில் வீட்டுக்குள், பிறகு முற்றத்தில், பிறகு தெருவில். பீப்புக்குப் பின் ஈரல் வராமல் ஒருமுறைகூடப் போகக்கூடாது. இப்போது ஒழுங்கு தேவைப்படுவது எனக்கு.

ஜூலை 12
ஆடுகள் சிதறி ஓடின. செவலையின் முதுகு விறைத்தது. பீப். நின்றான். ஆட்டை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. பிறகு என் சட்டைப்பையை நோக்கி வந்தான். கயிற்றை இன்னும் அவிழ்க்கவில்லை. அதற்கு மாதங்கள் ஆகும்.

"கரண்டு நல்லா வேல செய்யுது போல, தம்பி" என்றார் அண்ணாச்சி. ஈரல் மணக்கும் கையைக் காட்டினேன், நம்பவில்லை.

பைக் பயம் மட்டும் போகவில்லை. பால்காரரிடம் ஒரு பொட்டலம் ஈரல் கொடுத்திருக்கிறேன், தினமும் வாசலில் ஒரு துண்டு போடச் சொல்லி. இன்று காலை கட்டிலுக்கடியிலிருந்து மூக்கு மட்டும் வெளியே வந்தது.