அட்டைக்குள் ஓர் அட்டை

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி., வேதியியல்

வாழ்த்து வாயால் சொல்வது. பரிசு கையால் கொடுப்பது. இரண்டையும் ஒரே அட்டையில் மடித்துத் தர முடியுமா? முடியும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1922ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா சென்றனர். மறு ஆண்டு திரும்பி வந்து தொழிலைத் தொடங்கினர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக அச்சகம் வந்தது. பின்னாளில் சிவகாசி அச்சகங்கள் காலண்டரையும் டைரியையும் பொங்கல் வாழ்த்து அட்டையையும் அச்சிட்டு நாடெங்கும் அனுப்பின. இத்தகைய ஊருக்குப் பக்கத்திலுள்ள தாயில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு கையால் வாழ்த்து அட்டை செய்வதா என்று நண்பர்கள் நகைக்கலாம். காரணம் உண்டு. நான் ஏறி இறங்கிய கடைகளில் பிறந்த நாளுக்கு அட்டை இருந்தது, திருமணத்திற்கு இருந்தது, பட்டம் பெற்றவருக்கு மட்டும் இல்லை.

எங்கள் எதிர்வீட்டு அக்கா சென்ற ஆண்டு பட்டம் பெற்றார். எங்கள் தெருவில் முதல் பட்டதாரி அவரே. நான் கல்லூரியில் சேர விண்ணப்பம் நிரப்பித் தந்தவரும் அவரே. அவருக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்று தோழியர் ஐவர் ஆளுக்கு 300 ரூபாய் போட்டோம். 1,500 ரூபாய் சேர்ந்தது. அதை வங்கியின் பரிசு அட்டையாக வாங்கித் தருவதென்று முடிவாயிற்று.

அம்மாவுக்கு இது பிடிபடவில்லை. "துட்டாக் கவர்ல வச்சுக் கொடுத்தா ஆகாதா தாயி? பிளாஸ்டிக்க வச்சு அவ என்ன செய்வா?" என்று கேட்டார்.

நம் பக்கத்தில் காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எதுவானாலும் செய்முறை உண்டு. கொடுத்ததை நோட்டில் எழுதி வைப்பார்கள். நம் வீட்டு விசேஷத்தில் அது திரும்பி வரும். ஏழை வீட்டுக்கு அது ஒருவகைச் சேமிப்பு. அதே வேளையில் கடனும்கூட. பட்டத்திற்குக் கொடுப்பது அந்த நோட்டில் ஏறக்கூடாது என்பது எங்கள் எண்ணம்.

இன்னொன்றும் உண்டு. ரொக்கம் வீட்டுக்குள் நுழைந்தால் அதற்கு வழி பார்த்துக் காத்திருக்கும் செலவுகள் பல. குழுக்கடன் தவணை இல்லாத வீடு எங்கள் தெருவில் ஏது? ரிசர்வ் வங்கி விதிப்படி பரிசு அட்டையின் மதிப்பு 10,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. அதில் மீண்டும் பணம் நிரப்ப முடியாது. ரொக்கமாக எடுக்கவும் முடியாது. குறைந்தது ஓராண்டு செல்லும். ரொக்கமாக எடுக்க முடியாது என்பதைக் குறையாகச் சொல்வார்கள். எங்களுக்கு அதுவே நிறையாகத் தோன்றியது.

"வீட்டுக் கஷ்டத்துக்கு உதவுனா குத்தமா?" என்றார் அம்மா. குற்றமில்லை. அக்கா வேலைக்குச் சென்றால் முதல் மாதச் சம்பளம் முதற்கொண்டு வீட்டுக்குத்தான் வரும். அதற்கு முன் ஒரேயொரு முறை, அவர் தமக்கென்று புத்தகம் வாங்கட்டுமே! 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயை மாணவியின் சொந்த வங்கிக் கணக்கிலேயே சேர்ப்பதன் பொருளும் இதுதானே? அம்மா சற்று யோசித்துவிட்டு, "சரி, ஒத்த ரூபா இல்லாம முறை செய்யப்படாது" என்று முந்தானை முடிச்சிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து வைத்தார். 1,500 ரூபாய் 1,501 ஆயிற்று.

இனி அட்டை செய்த விதம். அச்சகத்தில் வெட்டி மிஞ்சிய 300 ஜி.எஸ்.எம். அட்டை நம் பக்கத்தில் கேட்டாலே கிடைக்கும். மடிக்குமுன் இழை ஓடும் திசையைக் காண வேண்டும். ஒரு சிறு துண்டை வெட்டி ஒரு பக்கம் மட்டும் ஈரம் தடவினால் அது குழலாகச் சுருளும். குழலின் நீளவாக்கே இழையின் திசை. செல்லுலோஸ் இழை நீரை உறிஞ்சினால் நீளத்தைவிட அகலத்தில் மிகுதியாகப் பருக்கும் என்பதே இதற்குக் காரணம். அந்தத் திசையிலேயே ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பேனா முனையால் அழுத்திக் கோடிட்டு மடித்தால் மடிப்பு வெடிக்காது.

பரிசு அட்டையை ஒட்டக்கூடாது. பசை பட்டால் அதன் பின்புறக் காந்தப் பட்டை கெடும். எனவே வாழ்த்தின் உட்புறம் தட்டையான தீப்பெட்டி ஒன்றை அமைத்தேன். வங்கி அட்டைகள் உலகெங்கும் ஒரே அளவுதான்: நீளம் 85.6 மி.மீ., அகலம் 54 மி.மீ. ஆகவே அடிப்பெட்டிக்கு 57 மி.மீ., மேல்பெட்டிக்கு 60 மி.மீ. அகலம் கொடுத்தேன். விரலால் தள்ளினால் அடிப்பெட்டி வெளியே வரும். அதில் பரிசு அட்டை இருக்கும். நாணயத்தை அம்மா சொன்னபடி முகப்பில் ஒட்டினோம்.

பசை காய்ச்சியதும் ஒட்டியதும் அம்மாதான். மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டார். அதன் பெயர் காப்பர் சல்பேட் என்று நான் சொன்னேன். "பேரு தெரியாது, வேலை தெரியும்" என்றார். "பசைய தொட்டும் தொடாம வைக்கணும், அதிகமாப் போனா அட்டை கோணும்" என்று சொல்லிக்கொண்டே, நான் கால் மணி நேரம் அளந்த மேல்பெட்டியை ஒரே நொடியில் மடித்து வைத்தார்.

அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஒரு குரோசு என்றால் 144 என்ற கணக்கை அவர் படித்தது பெட்டி ஒட்டிய திண்ணையில். சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகள் வேலை செய்வது குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அப்போது அம்மா பள்ளியை விட்டு மூன்றாண்டுகள் ஆகியிருந்தன.

எல்லாம் முடிந்ததும் ஐவரும் கையெழுத்திட்டோம். அம்மாவையும் போடச் சொன்னேன். "நான் எதுக்கு? நீங்க படிச்ச பிள்ளைக" என்று ஒதுங்கினார். அவர் ஒட்டிய பெட்டிகளுக்குக் கணக்கில்லை. ஒன்றிலாவது அவர் பெயர் இருந்ததுண்டா? லேபிளில் கம்பெனியின் பெயர்தான் இருக்கும். விடாமல் கேட்ட பிறகு, பேனாவை வாங்கி, எழுத்து எழுத்தாகத் தம் பெயரை எழுதினார். எங்கள் ஐந்து கையெழுத்தைவிட அதற்கே அதிக இடம் பிடித்தது.

பட்டமளிப்பு விழா முடிந்து வந்த மாலையில் அக்காவிடம் கொடுத்தோம். பெட்டியைத் தள்ளிப் பார்த்துச் சிரித்தார். பிறகு கீழே இருந்த பெயரைப் படித்துவிட்டு, "அத்த, நீங்க எழுதுனதா?" என்று கேட்டார். அம்மா தலையை மட்டும் ஆட்டினார். அந்த 1,500 ரூபாயில் பி.எட். நுழைவுக்கும் வகுப்புக்கும் தேவையான புத்தகங்களை அக்கா வாங்கினார். இன்று அவர் ஆசிரியப் பயிற்சி மாணவி.

மாணவ நண்பர்களே! இவ்வாண்டும் நம் மூன்றாமாண்டு அண்ணன்மாரும் அக்காமாரும் பட்டம் பெறவிருக்கிறார்கள். அவர்களுள் பலர் தம் வீட்டின் முதல் பட்டதாரிகள். அவர்களுக்கு நீங்களும் ஓர் அட்டை செய்து பாருங்கள். பரிசு அட்டை காலாவதியாகும் நாளை உள்ளே தெளிவாக எழுதுங்கள்; இரகசிய எண்ணைத் தனி உறையில் கொடுங்கள். கையெழுத்திடும்போது, வீட்டில் பசை ஒட்டித் தந்தவரிடமும் பேனாவை நீட்டுங்கள்.