64,105: ஓர் எண்ணின் பூர்வீகம்

2022ஆம் ஆண்டில் இந்தியாவிலேயே அதிகமாகச் சாலை விபத்து நடந்த மாநிலம் தமிழ்நாடு. எண்ணிக்கை 64,105. ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறை அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில் உள்ள கணக்கு இது. எங்கள் ஊரில் இதைக் கேட்டு யாரும் ஆச்சரியப்படவில்லை. எட்டயபுரத்துக்கு ரயில் கிடையாது. 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போட்ட தண்டவாளம் கோவில்பட்டி வழியாகப் போய்விட்டது. பருத்தி வண்டிக் காலம் முதல் இன்றைய கன்டெய்னர் லாரிக் காலம் வரை எங்களுக்கு எல்லாமே ரோடுதான். துறைமுகத்துக்குப் போகிற நாலுவழிச் சாலையும் கோவில்பட்டி–விளாத்திகுளம் ரோடும் குறுக்கிடுகிற ஊரில் விபத்து என்பது செய்தியே அல்ல.

எனக்கு உறுத்தியது அந்த ‘முதலிடம்’. அதே அட்டவணையில் பக்கத்து வரிகளைப் பார்த்தேன். உத்தரப் பிரதேசத்தில் 41,746 விபத்துகள், 22,595 சாவுகள். தமிழ்நாட்டில் சாவு 17,884. பீகாரில் 10,801 விபத்துகள், 8,898 சாவுகள். நூறு விபத்துக்கு எத்தனை பேர் செத்தார்கள் என்று வகுத்துப் பார்த்தால் தமிழ்நாட்டில் 28, உத்தரப் பிரதேசத்தில் 54, பீகாரில் 82. கேரளத்திலோ 43,910 விபத்துகளுக்கு 4,317 சாவுகள்தான். நூற்றுக்குப் பத்துகூட இல்லை.

பீகாரில் வண்டி மோதினால் மட்டும் மனிதர்கள் இப்படிச் சாவார்களா? ரோடு, ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ் எல்லாவற்றிலும் வித்தியாசம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேரளத்துக்கும் பீகாருக்கும் நடுவே உள்ள எட்டு மடங்கு வித்தியாசத்தை அவற்றால் மட்டும் விளக்க முடியாது. கைகால் முறிந்த விபத்துகள் அங்கே ஏட்டில் ஏறவில்லை என்பதுதான் எளிய விளக்கம். சாவை மறைப்பது கடினம், காயத்தை மறப்பது சுலபம். அப்படியானால் நமக்குக் கிடைத்த முதலிடத்தில் ஒரு பகுதி, எழுதி வைத்ததற்கான முதலிடம். இதைச் சொல்லி மார்தட்ட முடியாது. சாவிலும் நாம் இரண்டாமிடம். ஆனாலும் அந்த 64,105 எங்கே பிறந்தது என்று தேடிப் போகும் ஆசை அங்கேதான் தொடங்கியது.

டெல்லியில் அது பிறக்கவில்லை. அமைச்சகம் விபத்துகளை எண்ணுவதில்லை. மாநிலக் காவல் துறைகள் அனுப்புவதைக் கூட்டுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகமும் அதே காவல் துறைகளிடம் வாங்கித்தான் தனியாக ஓர் அறிக்கை போடுகிறது. 2022க்கு அமைச்சகம் சொன்னது நாடு முழுவதும் 4,61,312 விபத்துகள், 1,68,491 சாவுகள். காப்பகம் சொன்னது 4,46,768 விபத்துகள், 1,71,100 சாவுகள். ஒன்றில் விபத்து கூடுதல், மற்றதில் சாவு கூடுதல். ஒரே கிணற்றுத் தண்ணீர், இரண்டு குடத்தில் இரண்டு ருசி. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கிணற்றின் மேலேயே சந்தேகம். 2016க்கு இந்தியா சொன்ன சாவு 1,50,785. உலக சுகாதார நிறுவனம் 2018 அறிக்கையில் மதிப்பிட்டது 2,99,091. கிட்டத்தட்ட இரட்டிப்பு.

ஆகவே காவல் நிலையத்துக்குத்தான் இறங்கியாக வேண்டும். பக்கத்து வட்டாரங்களில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர் கிடைத்தார். பல வருஷம் ஸ்டேஷன் எழுத்து வேலை பார்த்தவர்.

“தம்பி, ஆக்சிடென்ட்டுன்னா எல்லாம் எஃப்.ஐ.ஆர். ஆகும்னு நெனைச்சிராதீக. ரெண்டு பைக்கு மோதும், ஒருத்தனுக்குக் கால்ல தையல். ரெண்டு ஊர்ப் பெரியாளும் வந்து பேசி முடிச்சிருவாக. சி.எஸ்.ஆர். போட்டு அனுப்பிருவோம். இன்சூரன்ஸ் வேணும்னு நின்னான்னாத்தான் எஃப்.ஐ.ஆர்.”

சி.எஸ்.ஆரில், அதாவது வழக்காக மாறாத புகார்ப் பதிவேட்டில், நின்ற விபத்து அரசுக் கணக்கில் நடக்காத விபத்து. அப்படியென்றால் தமிழ்நாட்டில் காயக் கணக்கு கூடுதலாக இருப்பதற்கு ஒரு காரணம் இழப்பீட்டு வழக்காக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. கோர்ட்டுக்குப் போகிற பழக்கம் உள்ள ஊரில் காகிதம் பிறக்கிறது.

அடுத்து அவர் சொன்னது சாவுக் கணக்கு. அடிபட்டவரை முதலில் எட்டயபுரத்திலோ கோவில்பட்டியிலோ சேர்ப்பார்கள். அங்கே ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆரில், ஒரு வரி. தலையில் அடி என்றால் தூத்துக்குடி, திருநெல்வேலி, சில சமயம் மதுரை. இருபது நாள் கழித்து உயிர் போனால் அந்த ஆஸ்பத்திரி தகவல் அனுப்ப வேண்டும்; நிலையத்தில் வழக்கின் பிரிவை மாற்றி அறிக்கை கொடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் 337, 338 என்று இருந்தது 304ஏ ஆகும். 2024 ஜூலை முதல் புதிய சட்டப்படி 125 என்பது 106 ஆகும். கோர்ட்டுக்கு இந்த மாற்றம் தவறாமல் போய்விடும், ஏனென்றால் கேட்க ஆள் உண்டு. மாதாந்தரப் புள்ளிவிவரத் தாளில் ஏற்கெனவே ‘காயம்’ என்று போய்விட்டதைத் திருத்தி அனுப்பக் கேட்கும் ஆள்? அண்ணாச்சி சிரித்தார். உலகில் பல நாடுகள் விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்தவர்களைச் சாலைச் சாவாக எண்ணுகின்றன. விதியை எழுதுவது சுலபம். அதற்கு ஆஸ்பத்திரி வார்டும் ஸ்டேஷன் ரைட்டரும் முப்பது நாள் ஒருவரையொருவர் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இடம் எங்கே என்பதில்தான் என் தேடல் அதிக நேரம் சிக்கிக்கொண்டது. எங்கள் சீமையில் பெருஞ்சாலையிலிருந்து ஊருக்குள் பிரியும் இடம் ‘விலக்கு’. ஊர் ஓரிடம், விலக்கு வேறிடம். நடுவே கிலோமீட்டர் கணக்கில் கருவேலங்காடு இருக்கலாம். “கீழஈரால் அருகே” என்று எழுதினால் ஊரா, விலக்கா, எந்தப் பக்கத்துச் சர்வீஸ் ரோடா? “சிந்தலக்கரை கோவில் தாண்டி” என்றால் எந்தத் திசையிலிருந்து வந்தவர் தாண்டியது? வழக்குக்கு இது போதும். சாட்சி இருக்கிறார், மாதிரி வரைபடம் இருக்கிறது, டிரைவர் ஒப்புக்கொள்கிறார். ரோட்டில் எதைத் திருத்துவது என்று பார்க்கும் எஞ்சினியருக்குப் போதாது.

இதற்கு மேல் ரோட்டின் பெயரே மாறியது. திருச்சி–மதுரை–தூத்துக்குடி சாலை நெடுங்காலம் தேசிய நெடுஞ்சாலை 45பி. 2010இல் நாடு முழுவதும் எண்களை ஒழுங்குபடுத்தினார்கள்: வடக்கு–தெற்காக ஓடுபவை இரட்டைப்படை, கிழக்கிலிருந்து மேற்கே போகப்போக எண் கூடும், கிழக்கு–மேற்காக ஓடுபவை ஒற்றைப்படை. நல்ல ஏற்பாடு. அதன்படி வேலூரில் தொடங்கித் தூத்துக்குடியில் முடியும் 38இல் எங்கள் ரோடு அடங்கியது. லாரிக்காரர்கள் வாயில் 45பி அதன் பிறகும் பல காலம் இருந்தது. பழைய எண்ணில் எழுதிய பத்து வருஷத்து விபத்தையும் புது எண்ணில் எழுதியதையும் கணினி தானாகச் சேர்க்காது. அதற்கு இரண்டும் வேறு வேறு சாலை.

இந்த இடக்குழப்பம் வெறும் எழுத்துப் பிழை இல்லை. ஒரு 500 மீட்டர் நீளத்தில் மூன்று ஆண்டுகளில் சாவோ கொடுங்காயமோ உள்ள ஐந்து விபத்துகள் நடந்திருந்தால், அல்லது பத்துப் பேர் இறந்திருந்தால், அமைச்சகத்தின் வரையறைப்படி அது ‘கரும்புள்ளி’. பட்டியலில் ஏறினால் ஆய்வு, விளக்கு, தடுப்பு, தேவையானால் சுரங்கப்பாதை என்று வழி பிறக்கும். ஐந்தில் ஒன்று ஊர்ப் பெயரிலும் ஒன்று பழைய எண்ணிலும் ஒன்று பக்கத்து நிலைய எல்லைக் கணக்கிலும் போய்விட்டால், அந்த 500 மீட்டர் தாளில் சாதுவான ரோடு.

‘யார்’ என்ற கட்டத்திலும் இதே கதைதான். நாட்டில் இறந்த பாதசாரிகள் 2014இல் 12,330 பேர், 2018இல் 22,656, 2022இல் 32,825 என்று அமைச்சகப் புத்தகங்கள் சொல்கின்றன. எட்டு ஆண்டில் நடக்கிறவர்களை மட்டும் ரோடு இவ்வளவு வெறியோடு துரத்தத் தொடங்கியதா? டெல்லி ஐ.ஐ.டி.யின் மறைந்த பேராசிரியர் தினேஷ் மோகனும் அவருடைய சகாக்களும் இந்த ஏற்றத்துக்கு முன்பிருந்தே எச்சரித்து வந்தார்கள். காவல் நிலைய வழக்குக் கட்டுகளை நேரில் படித்துப் பார்த்தால் பாதசாரிகளின் பங்கு அரசு அட்டவணையைவிடப் பல மடங்கு என்றார்கள். ஆகவே இந்த ஏற்றத்தில் எவ்வளவு புதுச் சாவு, எவ்வளவு பழைய சாவு சரியான கட்டத்துக்கு வந்தது என்று பிரித்தே படிக்க வேண்டும். கணக்கு திருந்தும்போது நிலைமை மோசமானதுபோலத் தெரியும். அதிகாரிகள் திருத்தத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம்.

‘ஏன்’ என்ற கட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2022 விபத்துகளில் 72.3 விழுக்காடு அதிவேகத்தால் என்று போட்டிருக்கிறது. சம்பவத்தைப் பார்க்காதவர், வேகத்தை அளக்காதவர், டிரைவர் மேல் வழக்குப் போட வேண்டியவர் நிரப்பும் கட்டம் அது. அதில் ‘ரோடு சரியில்லை’ என்று எழுதினால் வழக்கு யார் மேல் நிற்கும்?

தமிழ்நாடு சும்மா இருக்கவில்லை. உலக வங்கி உதவியோடு விபத்துத் தகவல் மேலாண்மைக்கான கணினி முறை 2009 வாக்கிலேயே இங்கு வந்துவிட்டது. இடத்தைக் குறிக்க ஜி.பி.எஸ். கருவிகளும் வந்தன. நாம் அட்டவணையில் மேலே நிற்பதில் அந்தப் பழக்கத்துக்கும் பங்கு இருக்கும். 2021இல் சென்னை ஐ.ஐ.டி.யும் தேசிய தகவலியல் மையமும் உருவாக்கிய ‘ஐராட்’ செயலி தமிழ்நாடு உள்பட ஆறு மாநிலங்களில் தொடங்கி மற்ற இடங்களுக்கும் பரவியது. அதன் அடுத்த கட்டம் ‘இ-டார்’. காவலர் சம்பவ இடத்தில் நின்று போனில் படம் எடுத்தால் இடம் தானாகப் பதிகிறது. நெடுஞ்சாலை எஞ்சினியருக்குத் தகவல் போகிறது, அவர் ரோட்டைப் பார்த்துத் தன் பகுதியை நிரப்ப வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்து நிரப்ப வேண்டும், ஆஸ்பத்திரி காயத்தை நிரப்ப வேண்டும். எனக்குப் பிடித்தது படமும் வரைபடமும் அல்ல. நான்கு துறைகளும் ஒரே வழக்கு எண்ணில் எழுத வேண்டியிருப்பது. ஒருவர் ‘காயம்’ என்றும் இன்னொருவர் ‘மரணம்’ என்றும் எழுதினால் இனி அது கண்ணில் படும்.

அண்ணாச்சிக்கு இதிலும் ஒரு சந்தேகம். “ராத்திரி ரெண்டு மணிக்கு லாரி குறுக்க கிடக்கு. டிராஃபிக்க வெலக்குவானா, போன நோண்டுவானா? ஸ்டேஷனுக்கு வந்துதான் போடுவான்.” அப்படிப் போட்டால் வரைபடத்தில் விபத்து ஸ்டேஷன் வாசலில் நடந்திருக்கும். நல்லவேளை, இந்தப் பிழை கண்டுபிடிக்கக்கூடியது. காவல் நிலைய வளாகத்தில் குவியும் புள்ளிகளையும் ரோட்டை விட்டு வயலில் விழுந்த புள்ளிகளையும் தனியே எடுத்து அந்தந்த நிலையத்துக்குத் திருப்பி அனுப்பலாம். அனுப்பும்போது பதிலுக்கு ஒன்றும் தர வேண்டும்: உங்கள் எல்லையில் இந்த மூன்று இடம், இந்த நேரம் என்று ஒரு பக்கம். எழுதியவருக்கு எழுதியது திரும்பி வராத வரை அந்தக் கட்டங்கள் அவசரமாகத்தான் நிரம்பும்.

இப்போது பக்கத்துக் கிராமங்களில் சுரங்கப்பாதை கேட்டோ விளக்கு கேட்டோ மனு எழுதுகிறவர்கள் என்னிடம் வந்தால், விலக்கின் பெயரோடு நிறுத்த வேண்டாம் என்று சொல்கிறேன். கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒன்றாக 2, 4, 6, 8 என்று குட்டைக் கற்கள் நட்டிருக்கும். எந்தக் கல்லுக்கும் எந்தக் கல்லுக்கும் நடுவே, மதுரை போகும் பக்கமா தூத்துக்குடி போகும் பக்கமா, வழக்கு எண் என்ன, அடிபட்டவர் பிற்பாடு இறந்திருந்தால் பிரிவு மாற்றிய தேதி என்ன என்று எழுதச் சொல்கிறேன். மூன்று வருஷத்து வழக்குகளை அப்படி அடுக்கிக் காட்டினால் மனுவை வாங்குகிற எஞ்சினியர் 500 மீட்டருக்குள் ஐந்து வருகிறதா என்று தன் பட்டியலோடு வைத்துப் பார்க்க முடியும்.