வருஷத்துக்கு ஒருமுறை திறக்கும் பெட்டி

திருக்கழுக்குன்றம், சங்கு தீர்த்தக் குளத்துக்குப் பக்கத்துத் தெரு. அந்த வீட்டில் கார் இல்லை. கார் ஷெட் மட்டும் இருக்கிறது. மூன்று வருடங்களுக்கு முன் அப்பா இறந்தார். சில மாதங்களில் காரை விற்றார்கள். காலியான இடம் ரொம்ப நாள் காலியாக இருக்கவில்லை.

முதலில் பழைய இன்வெர்ட்டர் பேட்டரி உள்ளே போனது. பிறகு கொலுப்படி, மிச்சமான பெயின்ட் டப்பாக்கள், கால் உடைந்த தொட்டில், எடைக்குப் போடக் கட்டிவைத்த பேப்பர், ஆன்லைனில் வாங்கிய பொருள்களின் அட்டைப்பெட்டிகள். 'நாளைக்கு வேணும்னா என்ன பண்றது?' என்ற ஒரே கேள்விதான் எல்லாவற்றையும் அங்கே சேர்த்தது. எல்லாவற்றுக்கும் பின்னால், சுவரோரமாக, அப்பாவின் பச்சை டிரங்குப் பெட்டி.

சென்னையில் வேலை பார்க்கும் மகள் ஊருக்கு வரும்போதெல்லாம் ஷெட்டைச் சுத்தம் செய்யலாம் என்பார். "அப்பா சாமான் இருக்கு, கை வைக்காதே" என்பார் அம்மா. பேச்சு அதோடு முடிந்துவிடும்.

முடிவுக்கு வரவைத்தது ஒரு பாம்பு. ஒருநாள் சாயங்காலம் கோணிப்பை எடுக்கப்போன அம்மா, பேப்பர்க் கட்டுக்குப் பின்னால் சரசரவென்று சத்தம் கேட்டு வெளியே ஓடிவந்தார். தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்தவர்கள் பிடித்தது சாரைப்பாம்பு. விஷமில்லாதது. கிளம்பும்போது ஒருவர் சொன்னார்: "பாம்பு உங்களைத் தேடி வரலம்மா. எலியைத் தேடி வந்துச்சு. எலி இந்த அட்டைப்பெட்டியைத் தேடி வந்துச்சு."

செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் பாம்பு புதிதல்ல. கடற்கரையோர வடநெம்மேலியில் இருக்கிறது, 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் விஷமுறிவு மருந்துக்காக அங்கே எடுக்கிறார்கள். இன்று வந்தது சாரை. நாளை வருவதும் சாரையாகவே இருக்கும் என்று என்ன நிச்சயம்? அம்மா மறுபேச்சு பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுவதற்குள் ஷெட்டில் இருந்த அத்தனையும் வாசலுக்கு வந்தது. வேணும், கொடுக்கணும், போகணும் என்று மூன்று குவியல். பேட்டரியை வாங்கும் கடையிலேயே பழசைக் கொடுக்கலாம். 2022-ம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெறுவது தயாரிப்பாளர்களின் பொறுப்பு. அட்டைப்பெட்டிகளும் பேப்பரும் அன்றே எடைக்குப் போயின. காய்ந்துபோன பெயின்ட் டப்பாக்கள் தனியாக வைக்கப்பட்டன.

உள்ளே இரும்பு ஆங்கிள் ரேக் வந்தது. கீழ்த்தட்டு தரையிலிருந்து அரை அடி உயரம். துடைப்பம் நுழைய வேண்டும் அல்லவா? சுவரிலிருந்தும் கொஞ்சம் இடைவெளி. இல்லாவிட்டால் மழைக்கால ஈரமும் கரையானும் சுவர் வழியே ஏறிவிடும். கனமானவை கீழே, அடிக்கடி தேவைப்படுபவை கண் மட்டத்தில். அட்டைக்குப் பதில் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒவ்வொன்றின் மேலும் உள்ளே இருப்பதன் பெயர். மாமல்லபுரம் கடல் சுமார் 15 கிலோமீட்டர்தான்; துருப்பிடித்த ஸ்பேனர்களைத் துடைத்து எண்ணெய் தடவினார் மகள்.

கடைசியாக டிரங்குப் பெட்டி. அம்மாதான் திறந்தார்.

சட்டைகளில் கரையான் மண். கல்யாண ஆல்பத்தின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. பிரித்தால் முகங்கள் உரிந்து வந்தன. மூக்குக்கண்ணாடியும் டார்ச் லைட்டும், மேலே இருந்த ஏழெட்டுப் போட்டோக்களும் மட்டுமே தப்பியிருந்தன. யாரும் தொடக் கூடாது என்று காத்த பெட்டியை, யாரும் தொடாததே அழித்திருந்தது.

அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு குளம் இருக்கும் திசையைப் பார்த்தபடி சொன்னார்: "பன்னெண்டு வருஷத்துக்கு ஒருதரம் இந்தக் குளத்துல சங்கு பொறக்குது. தாழக்கோயில்ல பத்திரமா வெச்சிருக்காங்க. ஆனா பூட்டியே வெக்கறதில்லடி. கார்த்திகை கடைசி சோமவாரம் வேதகிரீஸ்வரருக்கு ஆயிரத்தெட்டு சங்காபிஷேகம்னா சங்கெல்லாம் வெளிய வருது. நான் உங்கப்பா பொட்டிய ஒருதரம்கூட தொறக்கலையே!"

மகள் பதில் சொல்லவில்லை. போட்டோக்களை ஒவ்வொன்றாக நிழலில் காயவைத்தார். அவற்றை அன்று இரவே போனில் படமெடுத்துச் சொந்தக்காரர்களுக்கும் அனுப்பினார். அத்தை ஒருவர் தன்னிடம் அதே கல்யாணத்தின் நாலு படங்கள் இருப்பதாகப் பதில் போட்டார்.

மறுநாள் காலை, கண்ணாடியும் டார்ச்சும் போட்டோக்களும் ஒரு புது டப்பாவுக்குள் போயின. ரேக்கில் கண் மட்டத்தில், கை எட்டும் இடத்தில் அதை வைத்தார்கள். மற்ற டப்பாக்கள் மேலெல்லாம் மகளின் கையெழுத்து. இதில் மட்டும் அம்மா எழுதினார். அப்பாவின் பெயரை எழுதவில்லை.

'கார்த்திகை கடைசி சோமவாரம் திறக்கவும்.'