டியூப்லைட்டும் 4.9 வோல்ட்டும்

ஜோக் சொல்லி ஐந்து நிமிஷம் கழித்துச் சிரிப்பவனுக்கு நம்ம ஊரில் 'டியூப்லைட்' என்று பெயர். எனக்கும் அந்தப் பட்டம் உண்டு (கொடுத்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம்). சோக், ஸ்டார்ட்டர் போட்ட பழைய டியூப்லைட் லேட்டாக எரிவதற்குக் காரணம், முனையில் உள்ள இழை சூடாகி எலெக்ட்ரான்களை விட வேண்டும். அதற்குப் பிறகு உள்ளே நடப்பதுதான் இந்தப் பதிவு. அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்பா வேலை பார்க்கும் லேத் பட்டறையில் இன்னும் அந்த மாதிரி நாலு லைட் எரிகிறது.

குழாய்க்குள் கொஞ்சம் ஆர்கான், துளி பாதரசம். எலெக்ட்ரான் போய் பாதரச அணுவை மோதுகிறது. அணு அதைவிடச் சுமார் 3,66,000 மடங்கு கனம். ஆவடியில் தயாராகும் அர்ஜுன் டாங்க் (58.5 டன்) மேல் 160 கிராம் கிரிக்கெட் பந்தை எறிந்தால் ஏறக்குறைய அதே விகிதம், கணக்குப் போட்டுப் பார்த்தேன்! பந்து தெறித்துத் திரும்பும், டாங்க் அசையாது. எலெக்ட்ரானும் அப்படித்தான், ஆற்றலை இழக்காமல் திரும்பும். ஆனால் அதனிடம் 4.9 எலெக்ட்ரான் வோல்ட் சேர்ந்துவிட்டால் கதை வேறு. அணு அதை வாங்கிக்கொண்டு 253.7 நானோமீட்டர் புறஊதா ஒளியாக வெளியே விடும். குழாயின் வெள்ளைப் பூச்சு அதை நமக்குத் தெரியும் வெளிச்சமாக மாற்றும்.

இதை 1914இல் பெர்லினில் அளந்தவர்கள் ஜேம்ஸ் பிராங்க், குஸ்டாவ் ஹெர்ட்ஸ். வேடிக்கை என்னவென்றால், அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் ஆற்றல்தான் 4.9 என்று அவர்கள் நினைத்தார்கள். இல்லை, இது அணு ஒரு படி மேலே ஏறுவது என்று 1915இல் சொன்னவர் போர். 1925ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பிராங்குக்கும் ஹெர்ட்ஸுக்கும் கிடைத்தது.

இனி நம்ம லேப். நம்மிடம் இருப்பது ஆர்கான் குழாய். பாதரசம் என்றால் அடுப்பு வைத்துச் சூடேற்ற வேண்டும், அந்த வம்பு வேண்டாம் என்று விட்டிருப்பார்கள். வோல்டேஜை ஏற்ற ஏற்ற கரண்ட் ஏறி இறங்கி, மேடு பள்ளமாக வரும். முதல் மேட்டை நம்ப முடியாது, மின்முனைகளின் தொடு மின்னழுத்தம் அதை நகர்த்திவிடும். அதனால் மேடுகளுக்கு இடையே உள்ள தூரத்தை எடுக்கிறோம். இங்கேதான் நம்ம மக்கள் கைவரிசை! சீனியர் ரெக்கார்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எல்லா இடைவெளியும் ஒரே மாதிரி வரும்படி ரீடிங்கை 'அடித்து'விடுவது. மார்க்கும் வந்துவிடும்.

ஆனால் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபியோர், செங்ஸ்டாக், பாயேவ் மூவரும் 2006இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். இடைவெளிகள் சமமே இல்லை, ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் அதிகம் என்கிறார்கள். காரணம் எளிது. தேவையான ஆற்றல் கிடைத்த உடனே எலெக்ட்ரானுக்கு எதிரே அணு வந்து நிற்பதில்லை. அடுத்த மோதலுக்கு முன் அது இன்னும் கொஞ்ச தூரம் ஓடுகிறது, அதற்குள் கூடுதல் வேகம் பிடித்துவிடுகிறது. வோல்டேஜ் கூடினால் அந்தக் கூடுதலும் கூடும். அந்த ஏற்றத்தைப் பின்னோக்கி நீட்டினால் பாதரசத்துக்கு வருவது 4.9 அல்ல, அதன் மிகத் தாழ்ந்த படியான 4.67! 92 வருஷத்துப் பழைய பரிசோதனையில் இது எத்தனை லேப்களில் 'பிழை' என்று அழிக்கப்பட்டிருக்கும்?

பெரிய ஆய்வுகளிலும் சிக்கல் உண்டு. சோடியத்தின் மஞ்சள் ஒளியை (நம்ம சி.டி.எச். ரோட்டில் முன்பு எரிந்த விளக்குகளின் அதே சோடியம்) எலெக்ட்ரான் எவ்வளவு எளிதாகத் தூண்டும் என்று 1972இல் ஏனமார்க்கும் கேலகரும் அளந்தார்கள். வளைகோட்டின் வடிவம் பரிசோதனையிலிருந்து வந்தது. அளவுகோலை மட்டும், உயர் ஆற்றலில் நம்பக்கூடிய போர்னின் கோட்பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அதை மறைக்காமல் எழுதியும் வைத்தார்கள். பாதரசம் மாதிரி கனமான அணு என்றால் சார்பியலையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ரூர்க்கி ஐஐடியில் ராஜேஷ் ஸ்ரீவஸ்தவா குழுவினர் பல உலோக அணுக்களுக்கு அதைச் செய்திருக்கிறார்கள்.

ஆர்கானிலும் இடைவெளி ஏறுகிறதா என்று வரைந்து பார்க்க ஆசை. நம்ம பேட்ச்சில் அடிக்காத ஒரிஜினல் ரீடிங் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கப்பா. ரஃப் நோட்டில் இருந்தாலும் பரவாயில்லை, பேர் போட மாட்டேன்.