ஏணியைப் பிடிக்கும் கை

பரண் என்னும் சொல் தமிழர்க்குப் புதியதன்று. குறிஞ்சி நில மகளிர் தினைப்புனத்தில் உயர்ந்த பரண்மீது அமர்ந்து கிளியோட்டிய செய்தியைச் சங்க இலக்கியம் பயின்றோர் நன்கறிவர். இன்று அச்சொல் நம் வீட்டினுள்ளே வழங்குகிறது. அன்று விளைச்சலைக் காக்க ஏறினர். இன்று பழைய அண்டாவையும் பாயையும் எடுக்க ஏறுகின்றனர்.

பரண் மட்டுமன்று, மின்விசிறியின் இறக்கை, சன்னலின் மேல்விளிம்பு, அலமாரியின் தலை, கூரையின் மூலை ஆகியனவும் கைக்கு எட்டாதவையே. ஆண்டின் பெரும்பகுதி அவற்றை எவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பெருநாளோ பொங்கலோ நெருங்கும்போதுதான் ஒட்டடை கண்ணில் படுகிறது. அப்பொழுது ஏறுபவர் யார்? ஆடவர் பணிக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் சென்றபின், தனித்திருக்கும் இல்லத்தரசியே பெரும்பாலும் ஏறுகிறார்.

நான் வெளியூரில் பயின்ற காலத்தில், என் பெரியம்மா மேசைமேல் முக்காலியை வைத்து ஏறி ஒட்டடை அடித்தார். முக்காலி நழுவியது, இடுப்பெலும்பு முறிந்தது. பெருநாளன்று வீடு துலங்கியது. அதைத் துலக்கியவர் மருத்துவமனையில் கிடந்தார். அதன்பின் கைத்தடியின்றி அவர் நடந்ததில்லை. காண வந்தோர் அனைவரும், “பார்த்து ஏறியிருக்கக் கூடாதா?” என்றனர். “ஏறும்போது அருகில் யார் இருந்தார்?” என்று ஒருவரும் கேட்கவில்லை. அக்கேள்வியே இக்கட்டுரையின் கருப்பொருள்.

விழுதல் சிறு விபத்தன்று. ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் கணித்துள்ளது. எதிர்பாராக் காயங்களால் நேரும் இறப்புகளில் சாலை விபத்துகளுக்கு அடுத்த இடம் இதற்கே உரியது.

ஏணிக்கும் ஓர் இலக்கணம் உண்டு. சாய்வேணி சுவரைத் தொடும் இடம் 12 அடி உயரத்தில் இருப்பின், அதன் அடி சுவரிலிருந்து 3 அடி விலகியிருத்தல் வேண்டும். நெருங்கி நின்றால் ஏணி பின்னே சாயும். மிக விலகினால் அடி வழுக்கும். மடக்கேணியாயின் அதன் கால்களை முழுதும் விரித்தல் வேண்டும், உச்சிப்படியில் நிற்றலாகாது. எட்டாத மூலையை நோக்கி உடலை வளைப்பதினும், இறங்கி ஏணியை நகர்த்தி மீண்டும் ஏறுவதே அறிவுடைமை. வழவழப்பான தரையில் பிளாஸ்டிக் நாற்காலியும், அடுக்கிய முக்காலிகளும் ஏணிக்கு ஈடாகா.

மின்விசிறியைத் துடைக்குமுன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. இணைப்பு முறையாக அமையாத வீடுகளில், அதன்பின்னும் கம்பியில் மின்சாரம் இருக்கக்கூடும். ஆதலின் மெயின் சுவிட்சையே நிறுத்துதல் நலம். பழைய தலையணை உறையை இறக்கையில் மாட்டி, மெல்ல அழுத்தி இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே தங்கும். கண்ணிலும் மூக்கிலும் விழாது.

தரையில் நின்றே முடிக்கத்தக்க வேலைக்கு ஏறுவானேன்? நீண்ட மூங்கிற் கழியின் நுனியில் துடைப்பத்தைக் கட்டினால் கூரையின் மூலையும் எட்டும். மின்கம்பி செல்லும் இடங்களில் இரும்புக் கழியும் அலுமினிய ஏணியும் ஆகா. அண்ணாந்து பார்த்தாலே தலைசுற்றும் முதியோரை ஏறவிடுதல் கூடாது. அடிக்கடி வேண்டும் பொருள்களைப் பரணிலிருந்து இறக்கி, இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் வைத்துவிட்டால் ஏறவேண்டிய தேவையே பாதி குறையும்.

இவையனைத்தினும் தலையாயது ஒன்றுண்டு: ஏறுபவர்க்கு ஒரு துணை வேண்டும். கீழே நிற்பவர் ஏணியை இறுகப் பிடிப்பார். துணியை எடுத்துக் கொடுப்பார். பரணிலிருந்து வரும் பாத்திரத்தை வாங்கி வைப்பார். இதற்குப் பெரும்பொருளோ பெருந்திறனோ வேண்டியதில்லை. அரைமணி நேரம் போதும்.

மாணவச் செல்வங்களே! விடுமுறைக்கு வீடு செல்லும்போது அன்னையிடம், “எனக்கு என்ன சமைத்தீர்கள்?” என்று கேட்குமுன், “பரணில் ஏதேனும் வேலை உண்டா?” என்று கேளுங்கள். உங்கள் கால் உறுதியானதாயின் நீங்களே ஏறுங்கள். அவர் கீழே நின்று பிடிக்கட்டும். அவரே ஏறுவேன் என்றால், உங்கள் இரு கைகளும் ஏணியில் இருக்கட்டும்.