இயந்திரத்தின் மூச்சு

மனிதனுக்கு மட்டுமன்று, பெற்றோல் இயந்திரத்துக்கும் மூச்சே உயிர். காற்றை உள்வாங்கி, எரிபொருளோடு கலந்து எரித்து, புகையை வெளிவிட்டு உழைப்பதே அதன் வாழ்வு. எவ்வளவு தாராளமாக அது மூச்சு விடுகிறதோ, அவ்வளவுக்கு அதன் வலுவும் பெருகும். இந்த உண்மையை எமது வீட்டு முற்றத்திலேயே கற்கும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. மாணாக்கர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் பயன்படக்கூடுமென எண்ணி அதனை இங்கே எழுதுகின்றோம்.

எமது தந்தையார் விட்டுச்சென்றவற்றுள் ஒன்று பழைய 'டிரயம்ப் தண்டர்பேர்ட்' மோட்டார் சைக்கிள். எட்வேர்ட் டேர்னர் என்னும் ஆங்கிலேயர் அமைத்து, 1937-இல் வெளிவந்த 'ஸ்பீட் டுவின்' என்ற இரட்டைச் சிலிண்டர் வண்டியின் வழிவந்தது அது. 498 கன சென்ரிமீற்றர் கொண்ட அவ்வியந்திரம் 1949-இல் 649 ஆக வளர்ந்து தண்டர்பேர்ட் எனப் பெயர் பெற்றது. பின்னர், 1959-ஆம் ஆண்டுக்குரிய வண்டியாக, அதே கொள்ளளவுடன் 'பொனவில்' வந்தது. முன்னதற்கு 34 குதிரைவலு என்றும் பின்னதற்கு 46 குதிரைவலு என்றும் தயாரிப்பாளர் கூறினர்.

கொள்ளளவு மாறாதிருக்க வலு மட்டும் கூடியது எவ்வாறு? தொழில்நுட்பக் கல்லூரியிற் பயிலும் எமது மருமகன் இதற்கு விடையையும் கையோடு கொண்டுவந்தான். "மாமா, காம் தண்டை மாத்தினால் எங்கட வண்டியும் பறக்கும்" என்றான். அவன் தாயாகிய எமது தங்கை முகம் கறுத்தாள். கணவனை இழந்து ஒரே மகனை வளர்த்தெடுத்தவள் அவள். "பறக்க வைக்கிறதை விடுங்கோ அண்ணை, நிக்க வைக்கிறதை முதல் பாருங்கோ" என்றாள். இவ்விருவர் சொல்லுக்கும் நடுவே நின்றோம் நாம்.

காம் தண்டு என்பது யாது? சுழலும் இரும்புத் தண்டொன்றில் முட்டை வடிவான மேடுகள் அமைந்திருக்கும். மேடு சுழன்று வந்து தள்ளும்போது வால்வு திறக்கும். மேடு அகன்றதும் ஸ்பிரிங் அதனை மூடிவிடும். பிஸ்டனை இயக்கும் தண்டு இரண்டு முறை சுழல, காம் தண்டு ஒரு முறை சுழலும். எனவே நிமிடத்துக்கு 6000 சுழற்சியில் ஒவ்வொரு வால்வும் செக்கனுக்கு 50 தடவை திறந்து மூடவேண்டும். எமது வண்டியில் இத்தகைய தண்டுகள் இரண்டு: சிலிண்டர்களுக்குப் பின்னேயுள்ளது காற்றை உள்ளே விடுவதற்கு, முன்னேயுள்ளது புகையை வெளியேற்றுவதற்கு.

மேட்டின் உயரத்தைக் கூட்டினால் வால்வு அகலத் திறக்கும். ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. 40 மில்லிமீற்றர் விட்டமுள்ள வால்வு, அதன் காற்பங்காகிய 10 மில்லிமீற்றர் உயர்ந்ததும், அதன் விளிம்பைச் சுற்றியுள்ள திறப்பின் பரப்பு அவ்வட்டத்தின் பரப்புக்குச் சமமாகிவிடும். அதற்குமேல் உயர்த்துவதால் வரும் இலாபம் சிறிது. உயரம் ஒன்று, திறந்திருக்கும் நேரம் வேறொன்று. பந்தயத் தண்டுகள் வால்வை நெடுநேரம் திறந்து வைப்பவை. உள்வால்வும் வெளிவால்வும் ஒருங்கே திறந்திருக்கும் வேளை அவற்றில் அதிகம். வேகத்தில் அது நன்மை. மெல்லச் செல்லும்போதோ, புகை புதுக்காற்றோடு கலந்து இயந்திரம் இடறும்.

அன்றியும், பொனவிலின் மேலதிக 12 குதிரைவலு காம் தண்டு ஒன்றால் மட்டும் வந்ததன்று. அமுக்க விகிதம் 7-இலிருந்து 8.5 ஆயிற்று, ஒரு காபரேற்றர் இரண்டாயிற்று. இவற்றை மருமகனே நூல்களைப் புரட்டி அறிந்தான். பந்தயத் தண்டை விடுத்து, உயரம் சற்றே கூடியதாயும் திறந்திருக்கும் நேரம் அதிகம் நீளாததாயும் உள்ளதொன்றைத் தேர்ந்தான். நாம் விதித்த நிபந்தனை ஒன்றே: முதலில் பிரேக்கு, பிறகு காம் தண்டு. அவ்வண்ணமே முன்சில்லினதும் பின்சில்லினதும் பிரேக்குகள் புதுப்பிக்கப்பட்டன.

இவ்வியந்திரத்தில் காம் தண்டுகளை மாற்ற, அதன் அடிப்பெட்டியையே இரண்டாகப் பிரிக்கவேண்டும். மீண்டும் பூட்டுகையில் வால்வு பிஸ்டனில் முட்டுமோ என்பதே பெருங்கவலை. ஓட்டத்தில் ஒருமுறை முட்டினாலும் வால்வு வளையும், பிஸ்டன் உடையும். அதை அறியும் வழியோ மிக எளிது. மருமகன் அயல்வீட்டுச் சிறுமியின் விளையாட்டுக் களியைக் கடன் வாங்கிப் பிஸ்டனின் தலையில் அப்பினான். வால்வுகளில் ஒயில் தடவித் தலைப்பாகத்தைப் பூட்டி, இயந்திரத்தைக் கையாலே இரண்டு சுற்றுச் சுற்றினான். பின் கழற்றி, வால்வு பதிந்த இடத்தை அலகால் வெட்டி, மிக மெலிந்த பாகத்தை அளந்தான். குறைந்தது 2 மில்லிமீற்றராவது வேண்டும், 3 இருந்தது.

ஆயினும் இடர் வேறிடத்தில் இருந்தது. வால்வு முழுதும் திறந்தபோது ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அந்நிலையில் ஓட்டினால் தள்ளுகோல் வளையும், காம் மேடு தேயும். ஆகவே தகுந்த புதிய ஸ்பிரிங்குகள் வரும்வரை ஒரு மாதம் காத்திருந்தோம். இளைஞன் பொறுமையிழக்கவில்லை என்பதை அவன் தாய் கவனித்தாள், நாமும் கவனித்தோம்.

பற்சில்லுகளின் அடையாளக் கோடுகளை மாத்திரம் நம்பாது, பாகை வட்டொன்றைப் பூட்டி வால்வு திறக்கும் வேளையையும் சரிபார்த்தான். முதல் இருபது நிமிடம் இயந்திரத்தை மிக மெல்ல ஓடவிடாது 2000 சுழற்சியளவில் வைத்திருந்தான். புதிய காம் மேடும் டாப்பெட்டும் ஒன்றோடொன்று பழகும் அந்நேரத்தில் ஒயில் நிறைவாகத் தெறிக்கவேண்டும். இக்கால மோட்டார்க் கார் ஒயில்கள் பலவற்றில் தேய்மானம் தடுக்கும் நாகப் பொருள் குறைக்கப்பட்டிருப்பதால், பழைய இயந்திரங்களுக்கென விற்கப்படும் ஒயிலையே ஊற்றினான்.

வண்டி பறக்கவில்லை. ஆயினும் ஆனையிறவு வெளியின் எதிர்க்காற்றில் முன்பு திணறிய அது, இப்பொழுது தலைநிமிர்ந்து செல்கின்றது. எமக்குக் கிடைத்த பேறு அதனினும் பெரிது. வேகத்தை விரும்பும் பிள்ளையைத் தடுப்பதால் விருப்பம் மறைந்துவிடாது. அளக்கக் கற்றுக்கொடுத்தால் அதுவே அறிவாகிவிடும். மருமகன் தன் அளவுகளையெல்லாம் ஒரு கொப்பியிற் குறித்து வைத்திருக்கின்றான். அதன் முதலாம் பக்கத்தில் இருப்பது காம் தண்டின் உயரமன்று, பிரேக்கு மாற்றிய திகதி. தங்கை இப்பொழுது கோயிலுக்கு அவன் பின்னால் அமர்ந்தே செல்கின்றாள்.