வேலியும் நொதியமும்

யாழ்ப்பாணத்தார்க்கு வேலியின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கிளுவைக் கதியால் ஒரு சாண் நகர்ந்ததற்காக உடன்பிறந்தார் நீதிமன்றம் ஏறிய மண் இது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைப் பற்றிக் கற்கப் புகுந்தபோது, அங்கும் ஒரு வேலியையே கண்டேன்.

கருப்பைக் கழுத்தைப் போர்த்திருக்கும் மேலணி இழையத்தின் கீழே மெல்லிய அடித்தள மென்சவ்வு ஒன்றுண்டு. கலங்கள் உருத்திரிந்து பெருகினும், அச்சவ்வைக் கடவாத வரையில் அது புற்றுநோய்க்கு முந்திய நிலையே. பழுதுற்ற பகுதியை மட்டும் நீக்கிக் கருப்பையைக் காத்தல் கூடும். கடந்துவிட்டால் அதுவே புற்றுநோய். பலர்க்குக் கருப்பையையும் சிலர்க்கு உயிரையும் இழக்க நேரும்.

இவ்விரு நிலைகளையும் நொதியத்தின் தொழிற்பாட்டை அளந்து பிரித்தறியலாகாதா என அறிஞர் முயன்றனர். விரைந்து பெருகும் கலம் நியூக்கிளிக்கமிலம் ஆக்குதற்கு வேண்டும் வெல்லத்தை உதவும் பாதையின் வாயிலில் நிற்பது குளுக்கோசு-6-பொசுபேற்று டிஐதரோசனேசு. 340 நானோமீற்றர் ஒளி உறிஞ்சப்படும் அளவு நிமிடந்தோறும் ஏறுவதைக் கொண்டு அதன் வேகத்தைக் கணிக்கலாம். 1960களில் இங்கிலாந்தில் அதே பாதையின் மற்றுமொரு நொதியத்தை யோனித் திரவத்திலேயே அளந்து பார்த்தனர்.

முயற்சி நன்றே. ஆயினும், அளத்தற்கு இழையத்தை அரைத்துக் கூழாக்குகின்றோம். அப்போது வேலியும் உடன் அரைபடுகின்றது. செங்குழியங்களிலும் இந்நொதியம் உண்டு. ஆதலின் குருதி கலந்த மாதிரி பொய்யாக உயர்ந்து காட்டும். அழற்சியும் அவ்வாறே மயக்கும். கலங்கள் எத்துணை விரைந்து தொழிற்படுகின்றன என்பதை எண் கூறும். எவ்விடத்தில் நிற்கின்றன என்பதைக் கூறாது. எனவே நொதியத்தைச் சான்றாளராக ஏற்கலாம். தீர்ப்பளிப்பது நுணுக்குக்காட்டியே என்பது என் துணிபு.

இவ்வாராய்ச்சி வீணன்று. ஆனால் எக்கருவியும் தன்முன் வந்த மாதிரியையே அளக்கும். இலங்கையில் 1996 இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்குகள் 35 வயதெய்திய பெண்களைப் பாப் பரிசோதனைக்கு அழைக்கின்றன. இந்நோய்க்குக் காரணமான வைரசு வகைகளுள் முதன்மையானதை 1983 இல் சூர் ஹௌசன் குழுவினர் இனங்கண்டனர். அதற்கெதிரான தடுப்பூசி 2017 முதல் நம் பாடசாலைச் சிறுமியர்க்கு இடப்படுகின்றது. தெல்லிப்பழையில் 2013 இல் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. இவையனைத்தும் இருந்தும், குருதி கண்ட பின்னரும் கூச்சத்தால் வாய்திறவாத தாய்மார் நம் வீடுகளில் உளர். முந்திய நிலையோ நோவும் தராது, குருதியும் காட்டாது. ஆதலின், நலமாயிருக்கும்போதே செல்லுமாறு அவர்களிடம் சொல்லவேண்டியவர்கள் இதனைப் படிக்கும் நாமே.